“வெறும் சேறுதானே?” கடலடிச் சேற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெய்தல்மகன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் ஊரில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. முகத்துவாரத்தில் தூர்வாரி எடுக்கிற மண்ணைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், பத்துப் பாகம் (சுமார் 18 மீட்டர்) ஆழத்தில் கடலிலேயே கொட்டப் போகிறார்களாம். கொட்டுகிற இடத்தைப் பற்றி அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: “தரை சேறு. குறிப்பிடத்தக்க உயிரினங்கள் இல்லை.” ஊர்க்காரர்கள் கேள்வி கேட்டபோது மேடையிலிருந்தவர், “அங்கே பவளமும் இல்லை, கடற்புல்லும் இல்லை, வெறும் சேறுதானே” என்றார்.

என் அப்பா நாற்பது வருஷம் தொழிலுக்குப் போனவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுந்து, “சேறு இல்லேன்னா எறா ஏதுய்யா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேடையில் யாரும் பதில் சொல்லவில்லை.

அப்பா படகு ஓட்டிய காலத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்குவார். மேலே வந்ததும் குண்டில் ஒட்டியிருக்கிற மண்ணை வழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். நறநறவென்று இருந்தால் ஒரு பேச்சு, வழவழவென்று இருந்தால் வேறு பேச்சு. கடைசியில் முகர்ந்து பார்ப்பார். “இங்கே வல வுடலாம்” என்பார். சின்ன வயதில் எனக்கு அது மந்திரம் மாதிரி இருக்கும்.

எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது, அது என்ன வேலை செய்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.


வண்டல் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. கடலடி மண்ணைக் குழாயில் தண்டு தண்டாக எடுத்து ஆராய்வதுதான் பல வருஷமாக என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கரையோரச் சேற்றில் ஒரு குழாயைச் செருகி, கலங்காமல் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு நிறம். அதற்குக் கீழே சாம்பல். அதற்கும் கீழே கன்னங்கரேல் என்று கறுப்பு. அந்த மெல்லிய பழுப்புப் படலம் வரைக்கும்தான் ஆக்சிஜன் எட்டும். கரையோரத்தில் மேலேயிருந்து விழும் உணவு அதிகம், அதைத் தின்னும் நுண்ணுயிரும் அதிகம் என்பதால் ஆக்சிஜன் உள்ளே நுழைந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் மேல்சேற்றில், அதாவது ஒரு சுண்டைக்காய் அளவில், 100 கோடி நுண்ணுயிர் இருக்கும்.

ஆக்சிஜன் தீர்ந்ததும் அங்கே வாழ்க்கை முடிந்துவிடாது. அடுத்த வரிசை நைட்ரேட்டை வைத்து மூச்சு விடும். அதற்கடுத்தது மாங்கனீசு, அப்புறம் இரும்பு, அப்புறம் கடல்நீரில் தாராளமாகக் கிடைக்கும் சல்ஃபேட். எல்லாம் தீர்ந்த ஆழத்தில் மீத்தேன் உண்டாக்கும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பந்தியில் முதல் வரிசை சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த வரிசை உட்காருவது போல, ஒரு சாண் சேற்றுக்குள் இத்தனை வரிசை. வயலில் போட்டு மிஞ்சிய உரம் ஆற்றோடு கடலுக்கு வருகிறது இல்லையா? அந்த நைட்ரேட்டில் ஒரு பெரும் பங்கை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கித் திருப்பி அனுப்புவது இந்த இரண்டாம் வரிசைதான். அது ஒழுங்காக வேலை செய்யாத இடத்தில் பாசி பெருகும், நீரில் ஆக்சிஜன் குறையும், மீன் செத்து மிதக்கும்.

இனி உங்கள் இறால். பகலில் பல வகை இறால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், இருட்டியதும் வெளியே வந்து மேயும். சேற்றிலிருக்கிற புழு, சின்னஞ்சிறு ஓட்டுயிர், மக்கிய இலைதழை எல்லாமே அதற்கு இரை. நாக்கு மீனும் திருக்கையும் நண்டும் அதே சோற்றுப் பானையை நம்பித்தான் வாழ்கின்றன. “குறிப்பிடத்தக்க உயிரினங்கள் இல்லை” என்று எழுதியவர்கள் எத்தனை இடத்தில் மண் எடுத்தார்கள், எந்தச் சல்லடையில் சலித்தார்கள், எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அரை மில்லிமீட்டர் சல்லடையில் தங்குகிற உயிர்கள் ஒரு கணக்கு. அதில் நழுவிப் போகிற உருளைப்புழுக்கள் அதைவிடப் பல மடங்கு.


மாலதி டீச்சர் எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், ஏரிக்கரைப் பக்கம். எங்கள் பிள்ளைகளில் சிலருடைய அம்மாக்கள் சேற்றில் இறங்கிப் புழு தோண்டுகிறவர்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்குத் தாய் இறாலின் தீவனமாக அது போகிறது. இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்று கையால் துழாவி எடுக்கிறார்கள். ஆகவே சேற்றில் ஒன்றுமில்லை என்று யாராவது இந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். கீழ்ச்சேறு ஏன் அவ்வளவு கறுப்பு? அழுகிய முட்டை நாற்றம் ஏன்? நாற்றம் வந்தால் சேறு கெட்டுப்போய்விட்டது என்றுதானே நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்?


வண்டல் எழுதியது:

டீச்சர், கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டாம். சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடுகிற பாக்டீரியா வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுதான் முட்டை நாற்றம். அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு, அதுதான் கறுப்பு. ஆரோக்கியமான கரையோரச் சேற்றிலும் உள்ளே கறுப்பு இருக்கும். மேலே அந்தப் பழுப்புப் படலம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதுவும் போய்க் கறுப்பு மேலேயே வந்துவிட்டால் கவலைப்பட வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனுக்கும் இறாலுக்கும் விஷம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் விரிகுடாவின் சேற்றை லார்ஸ் பீட்டர் நீல்சன் குழுவினர் ஜாடிகளில் வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் மேலடுக்கிலிருந்து சல்ஃபைடு காணாமல் போனது. அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனோ மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது. சல்ஃபைடு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே இருக்கிறது. நடுவில் இரண்டுமே இல்லாத இடைவெளி. 2010-ல் அவர்கள் சொன்ன விளக்கம், சேற்றுக்குள் மின்சாரம் ஓடுகிறது என்பது. பலரும் நம்பவில்லை. 2012-ல் ஆளைக் கண்டுபிடித்தார்கள்: ஆயிரக்கணக்கான செல்கள் முனையோடு முனை ஒட்டி, முடியைவிட மெல்லியதாக, சென்டிமீட்டர் நீளத்துக்கு வளரும் கேபிள் பாக்டீரியா. கீழ்முனை சல்ஃபைடிலிருந்து எலெக்ட்ரானை எடுக்கும், இழை வழியாக மேலே கடத்தும், மேல்முனை அதை ஆக்சிஜனிடம் கொடுக்கும். வேர் ஒரு பக்கம் தண்ணீர் குடிக்க இலை ஒரு பக்கம் மூச்சு விடுகிற மாதிரி. ஒரு சதுர மீட்டர் சேற்றில் இந்த இழைகளைச் சேர்த்து நீட்டினால் பல்லாயிரம் கிலோமீட்டர் வரும்.

நெதர்லாந்தில் கிரெவெலிங்கன் என்ற உப்பு ஏரியில் பார்த்தது இன்னும் நேரடியானது. கேபிள் பாக்டீரியா வசந்த காலத்தில் பெருகும்போது மேல்சேற்றில் துரு மாதிரி இரும்பு ஆக்சைடு படலம் சேர்கிறது. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து போனாலும், கீழேயிருந்து ஏறும் சல்ஃபைடை அந்தத் துரு பல வாரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. விஷம் தண்ணீருக்குள் வராமல் தடுப்பது அந்த மில்லிமீட்டர் கணக்கிலான படலம்தான்.

வகுப்பில் செய்து காட்ட வேண்டுமானால் வாய் அகன்ற ஊறுகாய் பாட்டில் போதும். பாதிக்குச் சேறு, மேலே அதே இடத்துத் தண்ணீர். நன்றாகக் கலக்கிவிட்டு நிழலில் வையுங்கள், மூட வேண்டாம். பிள்ளைகள் தினமும் ஸ்கேலை வைத்துப் பார்க்கட்டும்.


கணக்கன் எழுதியது:

எல்லாம் சுவையாக இருக்கிறது. ஆனால் நெய்தல்மகன் எழுதப்போகிற மனுவுக்கு இது போதாது. எதிர்த்தரப்பு கேட்கப்போவதை நானே கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொட்டப்போவதும் சேறுதானே? சேற்றின் மேல் சேறு. வங்கக்கடலில் ஒரு புயல் வந்தால் ஒரே இரவில் எத்தனை லட்சம் டன் சேற்றைப் புரட்டிப் போடுகிறது! அதைத் தாங்கிக்கொண்ட புழு இதைத் தாங்காதா?


வண்டல் எழுதியது:

நியாயமான கேள்வி, கணக்கன். கரையோரச் சேற்றுயிர்களுக்குப் புயல் புதிதில்லை. சில சென்டிமீட்டர் மண் விழுந்தால் பல புழுக்களும் சிப்பிகளும் தோண்டிக்கொண்டு மேலே வந்துவிடும். எவ்வளவு கனத்தில் விழுகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை விழுகிறது, விழுவது எந்த மண் என்பதில்தான் வித்தியாசம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தினமும் கொட்டினால் ஏறி வர இடைவெளியே கிடையாது. முகத்துவாரத்து மண்ணில் படகு எண்ணெய், கன உலோகம், பழைய படகு பெயின்ட் எல்லாம் படிந்திருக்கும். சேற்றுத்துகள் இவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அது ஆழத்தில் அசையாமல் கிடக்கிற வரை பரவாயில்லை. தோண்டிக் கலக்கி நீரில் தூவினால் கதை வேறு. ஆகவே மனுவில் மூன்றைக் கேட்கலாம்: எவ்வளவு கனம், எத்தனை தடவை, மண்ணில் என்னென்ன கலந்திருக்கிறது.

புழுக்கள் அங்கே சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மண்புழு நிலத்தை உழுகிறது என்று டார்வின் 1881-ல் தனிப் புத்தகமே எழுதினார். கடலடியில் அந்த வேலையைப் புழு, இதய வடிவக் கடல்முள்ளி, வளை இறால், கடல் அட்டை எல்லாம் சேர்ந்து செய்கின்றன. உலகம் முழுக்க எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக மேல் 10 சென்டிமீட்டர் மண் இப்படி ஓயாமல் உழப்படுகிறது. சில வளை இறால்கள் ஒரு மீட்டருக்கும் கீழே வளை போகும். ஒவ்வொரு வளையும் ஒரு ஜன்னல். உள்ளே இருக்கிற உயிர் வாலையோ காலையோ ஆட்டி நல்ல தண்ணீரை உள்ளே இழுக்கும்போது, கறுப்புச் சேற்றுக்கு நடுவே வளையைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் உண்டாகும். தண்டை நீளவாக்கில் பிளந்தால் அது தெளிவாகத் தெரியும். கறுப்புத் துணியில் சந்தன நிற நூல் ஓட்டிய மாதிரி இருக்கும்.

இந்த உழவு பூமியில் எப்போதும் இருந்ததில்லை. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை கடலடி பெரும்பாலும் நுண்ணுயிர்ப் பாய் விரித்த தரைதான். ஆழமாகத் தோண்டத் தெரிந்த விலங்குகள் வந்த பிறகுதான் அந்தப் பாய் கிழிந்து, சேறு குடியிருக்கத்தக்க மண்ணானது.


வடமராட்சியான் எழுதியது:

இந்த இழையை நேற்று முழுவதும் இருந்து வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து எழுதுகிறேன். சேற்றைப் பற்றிக் கதைக்கும்போது இழுவைமடியை, அதுதான் அடியைச் சுரண்டிக்கொண்டு இழுபடுகிற வலையை, பற்றிக் கதைக்காமல் விடேலாது. மனம் நோகாமல் கேளுங்கோ.

எங்கள் பக்கத்தில் கடலட்டை என்பது பலருக்குச் சீவனம். அட்டை என்ன செய்கிறது? சேற்றை வாயால் எடுத்து, அதிலிருக்கிற சத்தைத் தின்று, மிச்சத்தைச் சுத்தமான மண் உருண்டையாக வெளியே விடுகிறது. தண்ணி தெளிவாக இருக்கிற நாளில் ஒரு ஆள் ஆழத்தில் அது போன தடம் வடிவாகத் தெரியும். றோலர் (இழுவைப்படகு) வந்து போன அடுத்த நாள் அதே இடத்தில் தண்ணி மோர் மாதிரிக் கிடக்கும். அட்டையும் இல்லை, தடமும் இல்லை, மடியின் பலகை இழுத்த கோடுதான் கிடக்கும். எங்கள் சின்ன வலைகள் அறுபட்டுப் போனது தனிக் கதை.

இலங்கையில் 2017-ல் சட்டம் திருத்தி இழுவைமடியைத் தடை செய்தார்கள். அது எங்கள் ஆட்களுக்கும்தான், வெளியிலிருந்து வருபவர்களுக்கும்தான். பாக்கு நீரிணையின் உள்கடல் ஆழமில்லாதது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள். இதில் அடியைச் சுரண்டினால் ஒதுங்க இடமே இல்லை. சேறு கொட்டுவதற்கு எதிராக மனு எழுதுகிற அண்ணா, இதையும் மனதில் வையுங்கோ.


நெய்தல்மகன் எழுதியது:

வடமராட்சி அண்ணா, மனம் நோகவில்லை. நீங்கள் சொன்னது உண்மை. என் அப்பா ஃபைபர் படகுக்கு மாறும் முன் பதினோரு வருஷம் விசைப்படகில் கூலிக்குப் போனவர். இந்த இழையை நேற்றிரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் பதிவு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னது இது: “மடி தூக்குனா மொத அரைமணி நேரம் சேத்தக் கழுவுறதுதான் வேல. அதுல சுண்டுவெரல் நீளத்துக்குக் குஞ்சு நண்டு, புழு, முட்டச் சுருளு எல்லாம் கெடக்கும். வாளி வாளியாத் தண்ணி ஊத்தித் தள்ளிவுட்டோம். அப்ப அது குப்பைன்னு நெனச்சோம்.”

இப்போது எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடை முடிந்து மடி இறங்கும் முதல் வாரம் மீன்பாடு அள்ளும். அந்த 61 நாளில் தரை கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறது என்பதற்கு எங்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் விசைப்படகை நம்பி வாங்கிய கடன், அதில் கூலிக்குப் போகிற குடும்பங்கள், இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு “நிறுத்து” என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. வேறு தொழிலுக்கு மாற வழி இருந்தால் பாதிப் பேர் மாறிவிடுவார்கள்.


கணக்கன் எழுதியது:

இழுவைமடிக்கு எண்ணிக்கை ஏதாவது இருக்கிறதா? 2021-ல் ஒரு செய்தி வந்தது நினைவிருக்கிறது: மடி இழுப்பதால் சேற்றிலிருந்து கிளம்பும் கார்பன், விமானங்கள் எல்லாம் சேர்ந்து விடுவதற்குச் சமம் என்று.


வண்டல் எழுதியது:

அந்தக் கடைசி எண்ணை மனுவில் போட வேண்டாம் என்பது என் கருத்து. உலகக் கடலடியின் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் சுமார் 2.3 லட்சம் கோடி டன் கார்பன் இருப்பதாக 2020-ல் மதிப்பிட்டார்கள். நிலத்து மண்ணில் அதே ஆழத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. அந்தச் சேமிப்பு உண்மை. ஆனால் மடி கலக்கியதில் எவ்வளவு மறுபடி கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது என்ற 2021-ன் கணக்கை, மிகைப்படுத்தியது என்று இன்னொரு குழு 2023-ல் மறுத்து எழுதியது. கலங்கிய கார்பனில் பெரும்பகுதி மறுபடி படிந்துவிடும், அது எளிதில் மக்கும் வகையும் இல்லை என்பது அவர்கள் வாதம். இன்னும் தீராத விவாதம் அது. ஆட்டம் காணும் எண்ணைப் போட்டால், உறுதியான விஷயங்களும் சேர்ந்து அடிபடும்.

உறுதியானது 2017-ல் வந்த ஒரு தொகுப்பு. பலகை வைத்து இழுக்கும் மடி சராசரியாக 2.4 சென்டிமீட்டர் தோண்டி, ஒரு முறை போனால் தரை உயிர்களில் 6 சதவீதத்தை அழிக்கிறது. மண்ணை நீரால் பீய்ச்சித் தோண்டும் கருவி 16 சென்டிமீட்டர் போய், 41 சதவீதம் அழிக்கிறது. மீண்டு வர ஏறத்தாழ 2 முதல் 6 ஆண்டு. 6 சதவீதம் சின்னதாகத் தெரியும். அதே பட்டையில் வருஷத்துக்கு எத்தனை தடவை மடி போகிறது என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

மீத்தேன் பற்றியும் ஒரு வார்த்தை. சேற்றின் ஆழத்தில் உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி, சுமார் 90 சதவீதம், மேலே வருவதற்குள் சேற்றுக்குள்ளேயே தின்னப்படுகிறது. ஒரு ஆர்க்கியாவும் (பாக்டீரியா போலவே தோன்றும், ஆனால் வேறு வகை நுண்ணுயிர்) ஒரு பாக்டீரியாவும் கொத்தாக ஒட்டி வாழ்ந்து இதைச் செய்வதை 2000-ல் அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் நேரில் பார்த்தார்கள்.


பழையகாகிதம் எழுதியது:

நூலகத்தில் வேலை பார்க்கிறேன், கடல் தொழில் தெரியாது. ஆனால் சேற்றைப் பற்றிய பழைய வரலாறு ஒன்று இங்கே பொருந்தும்.

1857-ல் சைக்ளாப்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் அட்லாண்டிக்கின் அடியிலிருந்து சேறு எடுத்துச் சாராயத்தில் போட்டு வைத்தது. 1868-ல் அதை மறுபடி நுண்ணோக்கியில் பார்த்த ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி, உள்ளே கூழ் மாதிரி ஒன்று இருப்பதைக் கண்டார். கடலடி முழுக்கப் பரவியிருக்கும் ஆதி உயிர் என்று நினைத்து அதற்கு பாத்திபியஸ் என்று பெயரும் வைத்தார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலில் அதைத் தேடு தேடென்று தேடினார்கள். புதிதாக எடுத்த சேற்றில் இல்லவே இல்லை. சாராயம் ஊற்றிய சேற்றில் மட்டும் வந்தது. கடைசியில் கப்பலின் வேதியியலாளர் புக்கானன் கண்டுபிடித்தார்: கடல்நீரில் சாராயம் சேரும்போது படியும் கால்சியம் சல்ஃபேட் அது. உயிரே இல்லை. ஹக்ஸ்லி 1875-ல் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

என் மனதைத் தொட்டது அடுத்த பகுதி. 2006-ல் ஜப்பான் அருகே நான்காய் அகழியில் 2,533 மீட்டர் ஆழத்தில் சேறு எடுத்தார்கள். அதிலிருந்த ஒரு ஆர்க்கியாவை வளர்க்க 12 ஆண்டு ஆனது. அது இரண்டாகப் பிரியவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். குழந்தைப் பால்பவுடர் எல்லாம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். 2020-ல் கட்டுரை வந்தது. செடி, மரம், மீன், மனிதர் என்று உட்கரு உள்ள செல்களால் ஆன எல்லா உயிருக்கும் நமக்குத் தெரிந்த மிக நெருங்கிய நுண்ணுயிர் உறவு அந்தக் குடும்பம்தான். ஹக்ஸ்லி கண்டது தவறு. ஆனால் அவர் தேடிய இடம் சேறு.


மாலதி டீச்சர் எழுதியது:

பழையகாகிதம், இதை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன். தவறை ஒப்புக்கொண்டதையும் சேர்த்துத்தான்.


கொல்லம்வாசி எழுதியது:

கேரளத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. ஆலப்புழை, புறக்காடு பக்கம் தென்மேற்குப் பருவத்தில் “சாகரை” விழும். கரையை ஒட்டி அடிச்சேறு குழம்பாகி மிதக்கும் இடம் அது. மற்ற இடமெல்லாம் அலை ஆளுயரம் எழும்பும்போது அங்கே மட்டும் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். அந்தக் குழம்பு அலையின் வேகத்தைக் குடித்துவிடுகிறது. வேறெங்கும் படகு இறக்க முடியாத மழைக்காலத்தில் அங்கே வள்ளம் இறங்கும், இறாலும் மத்தியும் கிடைக்கும். சாகரை விழுந்தது என்று கேட்டால் கரையே திருவிழாவாகிவிடும். சேற்றை வாழ்த்துகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஆசைப்பட்டேன்.


வண்டல் எழுதியது:

சாகரையைக் கொண்டுவந்ததற்கு நன்றி. நம் வங்கக்கடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் வருஷத்துக்குச் சுமார் 100 கோடி டன் மண்ணைச் சுமந்து வருகின்றன. அது கடலடியில் விசிறி மாதிரி விரிந்து, இலங்கைக்குக் கிழக்கே தாண்டி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வரை சுமார் 3,000 கிலோமீட்டர் நீள்கிறது. வடக்கு முனையில் கனம் 16 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி இது. இமயம் கரைந்து நம் கடலின் அடியில் கிடக்கிறது. அதோடு வரும் இலைதழைக் கார்பனில் பெரும்பகுதி மக்கிப் போகாமல் அங்கே புதைந்துவிடுகிறது. பருவமழையின் பழைய வரலாறும் அதில்தான் எழுதியிருக்கிறது. 2015-ல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் அங்கே துளையிட்டது. வங்கக்கடலின் பல இடங்களில் எடுத்த தண்டுகளில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவில் வெடித்த தோபா எரிமலையின் சாம்பல் ஒரு வெளிறிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை நகத்தால் தொட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

ஆழ்கடலில் காலத்தின் அளவே வேறு. செங்களிமண் படியும் இடங்களில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே அதிகம். தென் பசிபிக்கில் அப்படிச் சேர்ந்த 10 கோடி ஆண்டு பழைய களிமண்ணிலிருந்த நுண்ணுயிர்களுக்கு உணவு கொடுத்தபோது, அவை விழித்து வளர்ந்ததை 2020-ல் எழுதினார்கள்.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. அந்தத் தரையில் கிடக்கும் மாங்கனீசுக் கட்டிகளுக்காக ஆழ்கடல் சுரங்கம் வரப்போகிறது. இந்தியாவுக்கும் மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் ஆய்வு உரிமை இருக்கிறது. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021-ல் 5,000 மீட்டருக்கும் கீழே தன் எந்திரத்தை ஓட்டிப் பார்த்தது. பெரு நாட்டுக்கு அப்பால் 1989-ல் சோதனைக்காகக் கலப்பை ஓட்டிய ஓர் இடத்தை 2015-ல் போய்ப் பார்த்தார்கள். 26 வருஷம் கழித்தும் உழுத தடம் நேற்றுப் போட்டது போல இருந்தது. நுண்ணுயிர்களின் வேலையும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கணக்கன் கேட்ட புயல் அங்கே போய்ச் சேருவதே இல்லை.


கணக்கன் எழுதியது:

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நெய்தல்மகன், மனுவின் நகலை இங்கே போடுங்கள். எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.


மாலதி டீச்சர் எழுதியது:

பாட்டில் வைத்து இன்று பதினெட்டாம் நாள். முதல் நாள் கலக்கியபோது எல்லாம் ஒரே சாம்பல். நாலாம் நாள் மேலே டீத்தூள் தூவிய மாதிரி ஒரு படலம். எட்டாம் நாள் ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் 3 மில்லிமீட்டர். கீழே கறுத்துவிட்டது.

நேற்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டிலை விட்டு நகரவே இல்லை. என்னடா என்று கேட்டேன். கண்ணாடியை ஒட்டிக் கறுப்புக்குள் ஒரு மெல்லிய வளை இறங்கியிருக்கிறது. சுற்றிலும் வண்டல் சார் சொன்ன அதே பழுப்பு வளையம். உள்ளே சிவப்பாக ஒன்று அசைந்து அசைந்து தண்ணீர் இழுக்கிறது. கலக்கும்போது அது உள்ளே இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.


நெய்தல்மகன் எழுதியது:

டீச்சர், அந்தப் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? மனுவோடு இணைக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் சொன்னபடி முதல் வரியை மாற்றி எழுதியிருக்கிறேன்: “கொட்டும் இடமாகக் குறித்திருப்பது நாங்கள் இறால் பிடிக்கும் சேறு.”